ஸ்வெத்லானா: காகிதத்தில் பிறந்த ஒரு பெயர்



உங்க வகுப்பு வருகைப்பதிவேட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எப்படியும் ஒரு ஸ்வேதா இருப்பாங்க. ரெண்டு பேர் இருந்தா இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிட்டாகணும். இப்போ இதே பெயரை மாஸ்கோவில் ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்று சத்தமாகக் கூப்பிட்டால் என்ன ஆகும்? சில பெண்கள் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் நம்ம அம்மா வயதுக்காரர்கள். அவர்களுடைய முழுப்பெயர் ஸ்வெத்லானா. வீட்டிலும் நண்பர்களிடமும் அது சுருங்கி 'ஸ்வேத்தா' ஆகிவிடும்.

தற்செயல்னு நினைக்கிறீங்களா? இல்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அதைவிடச் சுவாரசியமான ஒன்றும் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஸ்வெத்லானாவைப் 'பழங்கால ஸ்லாவியப் பெயர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வேர் பழசுதான். ஆனால் அந்தப் பெயரை ஒரு கவிஞர் உட்கார்ந்து செய்தார். வயது இருநூற்றுச் சொச்சம் வருடம்தான்!

செய்த பெயர் எப்படிப் பழைய பெயர் ஆனது? நடுவில் அது எங்கெல்லாம் போய் வந்தது? இதைத்தான் இந்தக் கட்டுரையில் படிக்கப் போகிறோம். ஒரு பெயரைப் பார்த்ததும் அதன் அகராதிப் பொருளை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தால் எவ்வளவு விஷயத்தைத் தவறவிடுவோம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வேர்: வெள்ளையும் வெளிச்சமும்

ரஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் ஒளி. 'ஸ்வெத்லி' என்றால் ஒளி நிறைந்த, பளிச்சென்ற. அதோடு பெண்பால் பெயர்களில் வரும் 'ஆனா' விகுதியைச் சேர்த்தால் ஸ்வெத்லானா. 'ஒளிமிக்கவள்' என்று வைத்துக்கொள்ளலாம்.

சமஸ்கிருதத்தில் 'ஸ்வேத' என்றால் வெண்மை. வெள்ளாடை உடுத்தும் சமணத் துறவிகளின் பிரிவை ஸ்வேதாம்பரர் என்று பள்ளியில் படித்திருப்பீங்க, அதே ஸ்வேதம்தான். மொழியியலாளர்கள் இந்த இரண்டு சொற்களையும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே மூலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஆங்கிலத்தின் 'ஒயிட்' என்ற சொல்லும் இதே குடும்பத்து உறுப்பினர்தான்.

"ஸ்வேதாவும் ஸ்வேத்தாவும் ஒத்துப்போகுது சரி, ஒயிட் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்று ஆகாது. மாற்றம் ஒரு ஒழுங்கில் நடந்திருக்க வேண்டும். நூறு என்பதற்கான சொற்களைப் பாருங்க. சமஸ்கிருதத்தில் 'சதம்', ரஷ்யனில் 'ஸ்தோ', ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்'. மூலமொழியின் ஒரு 'க' ஒலி இந்தியப் பக்கமும் ஸ்லாவியப் பக்கமும் 'ச, ஸ' வகை ஒலியாக மாறியது. ஜெர்மானிய மொழிகளில் அதே ஒலி 'ஹ' ஆனது. பழைய ஆங்கிலத்தில் ஒயிட் என்ற சொல் 'ஹ்வ' என்றுதான் தொடங்கியது. சதம் எந்த வழியில் ஹண்ட்ரட் ஆனதோ அந்த வழியில்தான் ஸ்வேதமும் ஒயிட்டும் பிரிந்தன.

தமிழ் இந்தக் குடும்பத்தில் இல்லை. ஸ்வேதா நம்மிடம் வந்து சேர்ந்த பெயர். ஆனால் யோசனை நமக்கும் புதுசு இல்லை. 'வெள்' என்ற நம் வேரிலிருந்துதான் வெள்ளையும் வந்தது, வெளிச்சமும் வந்தது. நிறமும் ஒளியும் ஒரே சொல்லுக்குள் இருப்பது உறவே இல்லாத இரண்டு மொழிக்குடும்பங்களிலும் நடந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்வியத்தஸ்லாவ் என்ற பழைய இளவரசர் பெயரையும் இதோடு சேர்த்துவிடாதீங்க. அதில் இருப்பது 'ஸ்வியத்', அதாவது புனிதம். கேட்க ஒன்று போலத் தோன்றும், வேர் வேறு.

பிறந்த இடம்: ஒரு கவிதைத் தாள்

1802-ஆம் ஆண்டு. அலெக்சாந்தர் வஸ்தோக்கவ் என்ற இளைஞர் 'ஸ்வெத்லானாவும் ம்ஸ்திஸ்லாவும்' என்ற கவிதையை எழுதினார். ம்ஸ்திஸ்லாவ் என்பது அசல் பழைய ஸ்லாவியப் பெயர். வரலாற்றில் அந்தப் பெயரில் உண்மையான இளவரசர்கள் இருந்திருக்கிறார்கள். ஸ்வெத்லானா என்ற பெயருக்கு அப்படிப்பட்ட முன்னோர் இல்லை. ஆனால் அசலுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் புதுசும் பழசு போலவே ஒலித்தது. செய்தவர் சாதாரண ஆளும் இல்லை. பின்னாளில் பழைய ஸ்லாவிய மொழி ஆய்வில் பெரிய பெயர் எடுத்தவர். பழைய சொல் எப்படி ஒலிக்கும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கவிதை பெரிதாகப் போய்ச் சேரவில்லை. பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனவர் வசீலி ழுக்கோவ்ஸ்கி. 1813-இல் அவருடைய 'ஸ்வெத்லானா' என்ற கதைப்பாடல் பத்திரிகையில் வெளியானது. அடிப்படைக் கதை ஜெர்மன் கவிஞர் பியூர்கருடையது. போருக்குப் போன காதலன் நள்ளிரவில் திரும்பி வந்து காதலியைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான். போகும் இடம் கல்லறை, வந்தவன் பிணம். ழுக்கோவ்ஸ்கி இதை ஏற்கெனவே 1808-இல் 'லியுத்மீலா' என்ற பெயரில் ரஷ்யனுக்குக் கொண்டுவந்திருந்தார். அதில் நாயகி சாகிறாள்.

இரண்டாவது முறை கதையை மாற்றினார். தைமாதக் கடுங்குளிரில், கிறிஸ்துமஸ் காலத்துக் கடைசி இரவு. பெண்கள் கூடி வருங்காலக் கணவன் யார் என்று குறி பார்க்கிறார்கள். வாசலுக்கு வெளியே செருப்பை வீசுகிறார்கள், மெழுகை உருக்கி ஊற்றுகிறார்கள். காதலனிடமிருந்து ஒரு வருடமாகச் செய்தியே இல்லாத ஸ்வெத்லானா, நள்ளிரவில் மெழுகுவர்த்தியோடு கண்ணாடி முன் தனியாக உட்காருகிறாள். அவன் வருகிறான், பனிவண்டியில் ஏற்றிக்கொள்கிறான், வழியில் தேவாலயத்தில் சவப்பெட்டி, பிறகு ஒரு தனிக்குடிசை, அங்கே எழுந்து வரும் பிணம். திகில் உச்சத்துக்குப் போகும் இடத்தில் அவள் விழித்துக்கொள்கிறாள். எல்லாம் கனவு! வெளியே வண்டி மணிச்சத்தம். காதலன் உயிரோடு வந்து நிற்கிறான்.

பழைய கதையில் இருட்டு ஜெயித்தது. இந்தக் கதையில் விடிகிறது. ஒளி என்று பொருள்படும் பெயர் நாயகிக்கு அவ்வளவு பொருந்திப்போனது.

அதன் பிறகு அந்தப் பெயரைத் தெரியாத ரஷ்ய வாசகர் இல்லை. புஷ்கின் தன் 'யெவ்கேனி ஒனேகின்' நாவலில் தாத்தியானாவின் மௌனத்தை ஸ்வெத்லானாவோடு ஒப்பிடுகிறார். கார்ல் பிரியுல்லோவ் 1836-இல் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கும் ஸ்வெத்லானாவை ஓவியமாக வரைந்தார். இதில் ஒரு வேடிக்கை: 'அர்ஸமாஸ்' என்ற இலக்கிய நண்பர் குழுவில் ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது, எல்லாமே ழுக்கோவ்ஸ்கியின் பாடல்களிலிருந்து எடுத்தவை. இளம் புஷ்கின் அங்கே 'சில்வண்டு'. ழுக்கோவ்ஸ்கி யார் தெரியுமா? 'ஸ்வெத்லானா'வேதான்.

எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் வைக்க முடியாது

இவ்வளவு புகழ் இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யாவில் ஒரு பெண் குழந்தைக்கு முறைப்படி ஸ்வெத்லானா என்று பெயர் வைக்க முடியாது. ஏன்? ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களில் குழந்தையின் பெயர் ஞானஸ்நானத்தில்தான் பதிவாகும். அதுவும் திருச்சபையின் புனிதர் பட்டியலில் இருக்கும் பெயராக இருக்க வேண்டும். ஸ்வெத்லானா என்று ஒரு புனிதர் கிடையாது. கவிதையில் பிறந்த பெயருக்கு எப்படி இருக்கும்?

குழந்தைக்கு வைக்க முடியாத பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். கப்பலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லையே! ரஷ்யக் கடற்படையில் 1858-இல் நீரில் இறங்கிய போர்க்கப்பல் ஒரு ஸ்வெத்லானா. அடுத்து வந்த ஸ்வெத்லானா 1905-இல் ஜப்பானோடு நடந்த சுஷிமா கடற்போரில் மூழ்கியது. அதற்கு அப்புறமும் இன்னொரு கப்பலுக்கு அதே பெயர் வந்தது.

இப்போ வருவது நம்ம ஈ.சி.இ., ஈ.ஈ.ஈ. மக்களுக்கு. முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஒரு தொழிற்சாலை மின்விளக்குகள் செய்து 'ஸ்வெத்லானா' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 'ஒளிதரும் இழைவிளக்கு' என்ற பொருளில் வரும் மூன்று ரஷ்யச் சொற்களின் தொடக்க அசைகளைச் சேர்த்தால் ஸ்வெத்-லா-னா என்று வரும். பெயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் அதுதான். அந்தத் தொழிற்சாலை பிறகு ரேடியோ வால்வுகளுக்குப் போனது, அதற்கப்புறம் செமிகண்டக்டருக்கும் வந்தது. கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இன்றும் வால்வு தேடுபவர்களுக்கு ஸ்வெத்லானா என்பது ஒரு பெண்ணின் பெயரைவிட முதலில் ஒரு பிராண்டாகத்தான் நினைவுக்கு வரும்.

புரட்சி வந்தது, பெயர் விடுதலை ஆனது

1917 புரட்சிக்குப் பிறகு பிறப்புப் பதிவு திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற நிலை வந்ததும் கொஞ்சம் பேர் எல்லை தாண்டியே போனார்கள். விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென். லெனினைத் திருப்பிப் போட்டு நினெல். மின்மயமாக்கல் என்ற சொல்லையே பெயராக வைத்தவர்களும் உண்டு. (பிள்ளையை எப்படிக் கொஞ்சிக் கூப்பிட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க!)

இந்தக் கூட்டத்தில் ஸ்வெத்லானா அழகாக உள்ளே நுழைந்தது. திருச்சபை வாசனை இல்லை, ஆனால் அந்நியமாகவும் இல்லை. எல்லோரும் படித்த கதைப்பாடலின் பெயர். கூடவே காலமும் கைகொடுத்தது. 1920-இல் நாடு முழுவதற்கும் மின்சாரத் திட்டம் அறிவிக்கப்பட்டு, கிராமத்து வீட்டில் தொங்கும் முதல் குண்டு பல்புக்கு லெனினின் தந்தைவழிப் பெயரைச் சேர்த்து 'இலியீச் விளக்கு' என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் பிறந்த மகளுக்கு 'ஒளி' என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

புதிய ஆட்சியின் மேல்மட்டமும் அதையே தேர்ந்தெடுத்தது. புகாரினின் மகள் 1924-இல் பிறந்தாள், பெயர் ஸ்வெத்லானா. மோலத்தோவின் மகள் 1929-இல் பிறந்தாள், அவளும் ஸ்வெத்லானா. நடுவில் 1926-இல் இன்னொருத்தி. அவள் அப்பா ஸ்டாலின்.

ஒளிக்கும் இரும்புக்கும் நடுவில்

ஸ்டாலின் என்பது பிறப்பில் வந்த பெயர் அல்ல, அவராக வைத்துக்கொண்டது. 'ஸ்தால்' என்றால் எஃகு. ஆக அந்தக் குழந்தையின் பெயரில் முதல் பாதி ஒளி, மறுபாதி எஃகு: ஸ்வெத்லானா ஸ்டாலினா.

அவளுக்கு ஆறு வயதாகும்போது அம்மா இறந்தார். நோய் என்று சொல்லி வளர்த்தார்கள். பதின்ம வயதில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையைப் புரட்டும்போதுதான் அது தற்கொலை என்று அவளுக்குத் தெரிந்தது. தோழியின் பெயராக இருந்த இன்னொரு ஸ்வெத்லானாவின் வீடும் தப்பவில்லை: புகாரின் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மோலத்தோவின் மனைவி 1949-இல் கைது செய்யப்பட்டார். ஒளி என்று பெயர் வைத்த மூன்று வீடுகளிலும் ஒரே இருட்டு புகுந்தது.

ஸ்டாலின் இறந்த சில ஆண்டுகளில், 1957-இல், மகள் அப்பாவின் பெயரைக் கழற்றிவிட்டு அம்மாவின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டாள்: அல்லிலுயேவா. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம், அல்லேலூயாதான்! கடவுளை மறுத்த ஆட்சியின் தலைவர் மகள், திருச்சபைப் பாடலிலிருந்து வந்த குடும்பப் பெயருக்குள் போய்ச் சேர்ந்தாள்.

கதை இங்கிருந்து இந்தியாவுக்கு வருகிறது. 1963-இல் மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் பிரஜேஷ் சிங் என்ற இந்தியக் கம்யூனிஸ்ட்டை அவள் சந்தித்தாள். மணம் செய்துகொள்ள அனுமதி கிடைக்கவில்லை. 1966-இல் அவர் இறந்தபோது, அஸ்தியை ஊருக்குக் கொண்டுபோக மட்டும் அனுமதித்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் காலாகாங்கர்தான் அந்த ஊர். திரும்பிப் போக வேண்டிய நேரத்தில், 1967 மார்ச் 6 மாலை, டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நடந்து போய்ப் புகலிடம் கேட்டாள்.

அமெரிக்காவில் 1970-இல் பீட்டர்ஸ் என்ற கட்டடக் கலைஞரை மணந்தாள். அதன் பிறகு அவள் பெயர் லானா பீட்டர்ஸ். 2011-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் இறக்கும்போதும் அதுதான் பெயர்.

லானா. ஒரு நிமிஷம் நின்று அந்தச் சுருக்கத்தைப் பாருங்க. ரஷ்ய வீட்டில் சுருக்கினால் 'ஸ்வேத்தா' வரும், ஒளி மிஞ்சும், வால் போகும். இங்கே தலைகீழ். ஒளி இருந்த 'ஸ்வெத்' போய்விட்டது, வால் மட்டும் மிஞ்சியது. அமெரிக்க வாய்க்கு எளிதாக வருகிறது என்பதுதான் காரணமாக இருக்கலாம். ஆனால் அவள் வாழ்க்கை தெரிந்த பிறகு அந்தச் சுருக்கத்தை வெறும் வசதி என்று என்னால் கடந்து போக முடியவில்லை.

இன்னொன்றும் யோசிக்க வேண்டியது. அவள் கழற்றிப்போட்ட பெயர் நம் ஊரில் வேறு வாழ்க்கை வாழ்கிறது. 1953 மார்ச் 1 அன்று மு.க.ஸ்டாலின் பிறந்தார், மார்ச் 5 அன்று சோவியத் தலைவர் இறந்தார், அவர் நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. இங்கே மரியாதையாக வைத்த பெயரைத்தான் அங்கே சொந்த மகள் சுமக்க முடியாமல் இறக்கி வைத்தாள். எழுத்து ஒன்று, பொருள் ஒன்று. சுமப்பவர் யார் என்பதைப் பொறுத்து எடை மாறுகிறது.

மற்ற ஸ்வெத்லானாக்கள்

ஒரு பெயரை ஒருவருடைய சோகத்தோடு விட்டுவிட்டால் நியாயமில்லை. 1984 ஏப்ரலில் நம்ம ராகேஷ் ஷர்மா தங்கிவிட்டு வந்த சல்யூத்-7 விண்வெளி நிலையம் ஞாபகம் இருக்கா? அதே ஆண்டு ஜூலை 25 அன்று அந்த நிலையத்துக்கு வெளியே வந்து வேலை பார்த்தவர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. விண்வெளியில் நடந்த முதல் பெண். சும்மா நடக்கவில்லை, உலோகத்தை வெட்டி, வெல்டிங் செய்து, சால்டரிங்கும் செய்து பார்த்தார். மெக்கானிக்கல் மக்கள் வொர்க்‌ஷாப் வகுப்பில் கை நடுங்கும்போது இவரை நினைச்சுக்கோங்க.

2015-இல் இலக்கிய நோபல் பெற்றவர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச். போரில் சண்டையிட்ட பெண்கள், செர்னோபில் விபத்தில் தப்பியவர்கள் என்று சாதாரண மனிதர்களின் குரல்களைச் சேகரித்துப் புத்தகமாக்கியவர். அப்பா பெலாரூஸ்காரர், அம்மா உக்ரைன்காரர், எழுதுவது ரஷ்யனில்.

மூன்று மொழி என்றதும் அடுத்த விஷயம் வருகிறது. இதே பெயர் உக்ரைனில் 'ஸ்வித்லானா', பெலாரூஸில் 'ஸ்வியத்லானா'. பழைய ஸ்லாவிய எழுத்துமுறையில் 'யாத்' என்று ஓர் எழுத்து இருந்தது. அதன் ஒலி ரஷ்யனில் 'எ' பக்கமும் உக்ரைனியனில் 'இ' பக்கமும் போனது. பெலாரூஸிய மொழி தன் உச்சரிப்பு விதிப்படி 'ய' என்று எழுதிக்கொண்டது. மொழியியல் வகுப்பில் இது ஒரு சின்ன ஒலிமாற்றம். கடவுச்சீட்டில் அப்படி இல்லை. போர் நடக்கும் காலத்தில், ஓர் உக்ரைனியப் பெண்ணின் பெயரை 'இ' போட்டு எழுதுகிறீர்களா 'எ' போட்டு எழுதுகிறீர்களா என்பது, அவளை எந்த நாட்டுக்காரியாகப் பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடும்.

திருச்சபையும் கதவைத் திறந்தது

முதலில் மறுத்த திருச்சபை கடைசியில் என்ன செய்தது? வழி கண்டுபிடித்தது. யேசுவிடம் கிணற்றடியில் பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபில் ஒரு பெயர் உண்டு: ஃபோத்தினா. கிரேக்கத்தில் 'ஃபோஸ்' என்றால் ஒளி. போட்டோ, போட்டான் எல்லாம் வந்த அதே வேர். பொருள் ஒன்றுதானே என்று ஞானஸ்நானத்துக்கு வரும் ஸ்வெத்லானாக்களுக்கு ஃபோத்தினா என்று பெயர் கொடுத்தார்கள். இப்போது ஃபோத்தினா நாளே ஸ்வெத்லானாக்களின் பெயர்நாள் என்று ஆகிவிட்டது. புனிதர் பட்டியலில் இடம் இல்லாத பெயருக்கு, மொழிபெயர்ப்பின் வழியாக ஒரு புனிதர் கிடைத்துவிட்டார்.

பெயர் உச்சத்தில் இருந்தது 1960, 70-களில். இன்று பிறக்கும் ரஷ்யக் குழந்தைகளுக்கு அது அபூர்வம். கவிஞர் செய்த புதுப்பெயர், புரட்சிக்காரர்களின் நவீனப் பெயர், இப்போது அத்தைகளின் பெயர். இருநூறு வருடத்தில் ஒரு முழுச் சுற்று முடிந்திருக்கிறது.

உங்க பெயரை எடுத்துக்கோங்க

இவ்வளவு தூரம் படிச்சது வீணாகக் கூடாது. உங்க பெயருக்கு இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்க:

1. வேர் எந்த மொழி? ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பாமல், சதம்-ஹண்ட்ரட் மாதிரி ஒழுங்கான ஒலிமாற்றம் இருக்கிறதா?

2. சொல் பழசா, அல்லது பெயர் பழசா? இரண்டும் ஒன்றல்ல. ஒளி என்ற சொல்லுக்கு ஆயிரக்கணக்கான வருடம், ஸ்வெத்லானா என்ற பெயருக்கு இருநூற்றுச் சொச்சம்தான்.

3. இந்தப் பெயரை வைக்க முடியாத காலம், வைக்க முடியாத ஆட்கள் என்று யாராவது இருந்தார்களா?

4. யார் வழியாக இது பரவியது? கவிதையா, சினிமாவா, தலைவரா, கோயிலா?

5. உங்களைச் சுருக்கிக் கூப்பிடும்போது எந்தப் பாதி போகிறது, எது மிஞ்சுகிறது?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இணையத்தில் பதில் கிடைக்காது, உங்களுக்குப் பெயர் வைத்தவர்களிடம்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது, சாப்பிட்டியா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன கையோடு இதையும் கேளுங்க: "எனக்கு ஏன் இந்தப் பேரு வெச்சீங்க?" கிடைக்கிற பதிலை எழுதி வைங்க. மூணாவது வரிசை ஸ்வேதாகிட்டயும் கேட்டுட்டு வாங்க!